ஏழு வாணமும் ஐம்பத்தேழு நாளும்

எவெலியோ மத்தாரித்தா தன் கல்யாணத்துக்கே செருப்புப் போடாமல் வந்தவர். பாதிரியார் முகத்தைச் சுளித்தார். பெண் வீட்டார் முணுமுணுத்தார்கள். மணப்பெண் நிகோலாசா மட்டும், "அந்தக் காலுதான் நாளைக்கு எனக்குச் சோறு போடப்போகுது, சும்மா இருங்க" என்று சொல்லி வாயை அடைத்தாள்.

அவள் சொன்னது சரிதான். புந்தா குவாசிமோ கடற்கரையில் ஆமை முட்டையைக் கண்ணால் தேடுகிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் குதிகாலால் தேடுவான். மணலில் குதிகாலை அழுத்தி அழுத்தி நடந்தால், அடியில் முட்டைக்குழி இருக்கிற இடத்தில் மணல் ஒரு மயிரிழை இளகிக் கொடுக்கும். அவ்வளவுதான் சேதி. ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வித்தை தெரியும். ஆனால் எவெலியோவின் குதிகால் வேறு ரகம். குழி எங்கே என்பதோடு நிற்காது, எத்தனை முட்டை, எப்போது இட்டது, இட்ட ஆமை எந்த மனநிலையில் இருந்தது என்பது வரை சொல்லும். ஒருமுறை வாத்தியாரோடு பேசிக்கொண்டு நின்றவர் திடீரென்று, "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடியில தண்ணி ஓடுது சார்" என்றார். யாரும் நம்பவில்லை. தோண்டிப் பார்த்தார்கள். இப்போது அங்கே பள்ளிக்கூடம் இல்லை, குளம்தான் இருக்கிறது.

குவாசிமோவில் குழந்தை பிறந்தால் வாணம் விடுவது வழக்கம். பெண் என்றால் ஒன்று, ஆண் என்றால் இரண்டு. கோயில் மணியை விட இது நம்பகமான தபால். மணி அடிக்கிறவர் குடித்திருப்பார், வாணம் குடிக்காது. நிகோலாசாவுக்கு ஒவ்வொரு முறை வலி எடுத்தபோதும் எவெலியோ முறையாக இரண்டு வாணம் வாங்கி வைத்தார். ஒவ்வொரு முறையும் ஒன்றுதான் மேலே போயிற்று. இப்படியே ஏழு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் ரோசெந்தா. ஏழாமவளுக்கு உல்திமா என்று பேர் வைத்தார்கள், கடைசி என்று அர்த்தம். பேர் பலித்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் ஏழு வாணம் மிச்சம் கிடந்தது. பெண்களைப் பற்றி எவெலியோவுக்கு ஒரு குறையும் கிடையாது. வாணங்களைப் பார்த்தால்தான் அவருக்குப் பாவமாக இருக்கும்.

நிகோலாசாவின் அண்ணன் தொரிபியோவுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் ஆண். பத்து வாணம் விட்டதில் அவருக்கு ஒரு காது மந்தமாகிப் போனது. அந்தக் காதை அவர் பட்டாளத்துப் பதக்கம் மாதிரி ஊரெல்லாம் திருப்பிக் காட்டுவார்.

கடற்கரையில் மூங்கில் வேலி போட்ட ஒரு மணல் சதுரம் உண்டு. ஊர் அதைப் பொரிப்பகம் என்று அழைக்கும். அலை அடித்துக்கொண்டு போகிற இடத்திலும் நாய் மோப்பம் பிடிக்கிற இடத்திலும் லோரா ஆமைகள் இட்டுவிட்டுப் போகிற முட்டைகளைப் பதமாக எடுத்து வந்து, அங்கே முழங்கை ஆழக் குழியில் வைத்து மூடுவார்கள். குஞ்சு வெளியே வந்ததும் கடலுக்குள் விடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அதற்குக் காவல் எவெலியோதான். காலையில் காபியை அங்கேதான் குடிப்பார். வீட்டில் ஏழு பெண்களின் சத்தத்தில் வாழ்ந்த மனுஷனுக்கு, பேசாமல் கிடக்கிற ஐயாயிரம் முட்டை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எல்லோருக்கும் புரியாது.

அந்த வருஷம் மழை பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. தலைநகரிலிருந்து ஆமை டாக்டர் யாதிரா வந்து, குளத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டினாள். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, தொண்டையைக் கனைத்தாள்.

"நாலு வருஷமா உங்க பொரிப்பகத்துல இருந்து போன குஞ்சுல எனக்குத் தெரிஞ்சு ஆண் ஒண்ணு கூட இல்ல. எல்லாம் பெண்."

கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் எவெலியோ பக்கம் திரும்பியது.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான் காவல்தான் இருக்கேன்!" என்றார் எவெலியோ.

"அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள் யாதிரா. "ஆமைக்கு முட்டைக்குள்ள ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது மணல் சூடு. முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல போனா அத்தனையும் பெண். இருபத்தொன்பதுக்குக் கீழ இருந்தா ஆண். நடுவுல இருந்தா ரெண்டும் கலந்து வரும். வருஷா வருஷம் வெயில் ஏறிக்கிட்டே போகுது. உங்க மணல் இப்ப முப்பத்திமூணுல நிக்குது."

தொரிபியோ நல்ல காதைக் கையால் குவித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் தொடையைத் தட்டினார்.

"அப்படிச் சொல்லுங்க டாக்டரம்மா! முப்பது வருஷமா நான் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். மச்சான் வீட்டுக் கூரை தகரம். என் வீட்டுக் கூரை பனையோலை, மேல மாமரம் வேற. அவருக்கு ஏழும் பொண்ணு, எனக்கு அஞ்சும் பையன். விஷயம் கூரையிலதான்யா இருந்திருக்கு!"

"மனுஷங்களுக்கு அப்படிக் கிடையாது..." என்று யாதிரா தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை. கூட்டம் சிரித்துக் களைத்தது. அன்று சாயங்காலமே புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர் தங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதாகக் கேள்வி.

சிரிப்பு அடங்கியதும் யாதிரா மிச்சத்தையும் சொன்னாள். ஆண் இல்லாமல் பெண் மட்டும் கடலுக்குப் போனால், பதினைந்து வருஷம் கழித்துக் கரைக்கு வருகிற ஆமை இடும் முட்டை வெறும் முட்டைதான். அதனால் வடக்கே மரம் அடர்ந்த இன்னொரு கடற்கரைக்குப் பொரிப்பகத்தையே மாற்றிவிடலாம் என்று மேலே பேச்சு நடக்கிறது. இந்தப் பருவமும் இப்படியே போனால் மாற்றிவிடுவார்கள்.

எவெலியோ எழுந்து நின்றார். கூட்டத்தில் எழுந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. வீட்டிலும் இல்லை.

"ஒரே ஒரு பருவம் குடுங்க டாக்டரம்மா. மணலை நான் குளிர வைக்கிறேன். இந்த மணலைப் பத்தி என் காலுக்குத் தெரியாததா?"

"வீட்டுல ஒண்ணைக் கூட மாத்த முடியல, கடற்கரையை மாத்தப் போறாராம்!" என்றார் தொரிபியோ.

யாதிரா நல்ல பெண். "சரி, இந்தப் பருவம் உங்களுது. நிழல் வலை ஒண்ணு அனுப்பச் சொல்லியிருக்கேன், அடுத்த வாரம் வந்துரும். குழி மேல கட்டுங்க. சாயங்காலம் கிணத்துத் தண்ணியைப் பூவாளியால லேசாத் தெளிங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, என்ன ஆனாலும் குழியைத் தோண்டிப் பாக்கக் கூடாது. முட்டை புரண்டா உள்ள இருக்கறது செத்துரும்." சொல்லிவிட்டு, இரண்டு மாதம் நாட்டின் மறுகரையில் வேலை இருக்கிறது என்று பேருந்து ஏறிப் போனாள்.

அடுத்த வாரம் வந்தது. வலை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வந்தது. வலையைக் காணோம். நாற்பத்தெட்டுக் குழியில் முட்டை வைத்தாயிற்று, தலைக்கு மேலே வெயில் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எவெலியோ ஓலை வெட்டிக் கூரை போட்டுப் பார்த்தார். அந்த வருஷக் காய்ச்சலில் ஓலை அப்பளமாய் இருந்தது. முதல் காற்றிலேயே கிளம்பிவிட்டது. மூன்று ஓலை அடுத்த ஊர்க்காரர் ஒருவரின் சாப்பாட்டு மேசையில் இறங்கியதாகவும், அவர் அதைக் கடவுளின் எச்சரிக்கை என்று எண்ணிக் கடனையெல்லாம் அடைத்துவிட்டதாகவும் சொல்கிறார்கள்.

எவெலியோ வேலியோரம் உட்கார்ந்து, குதிகாலை மணலில் வைத்து, "முப்பத்திமூணே கால்" என்றார். யாதிரா புதைத்துவிட்டுப் போன வெப்பமானியும் அதையேதான் காட்டியது. கால் டிகிரியை மட்டும் அது விட்டுவிட்டது.

அப்போது நிகோலாசா இடுப்பில் துணிக்கூடையோடு வந்தாள்.

"சோறும் பீன்ஸும் ஆறிப்போகுது. வர்றீங்களா, இல்ல முட்டையோட முட்டையாப் படுத்துக்கிறீங்களா? வீட்டுக் கொடியில இடமே இல்ல, பேத்திங்க துணி மட்டும் ஒரு லாரி." சொல்லிக்கொண்டே ஈரப் போர்வை ஒன்றை உதறி, வேலியில் இந்த மூங்கிலுக்கும் அந்த மூங்கிலுக்குமாக விரித்துப் போட்டாள்.

போர்வையின் நிழல் எவெலியோவின் கால் மேல் விழுந்தது. அதிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரும் விழுந்தது. எவெலியோ கண்ணை மூடிக்கொண்டார்.

"நிகோலாசா, அசையாத!"

"என்ன, தேளா?"

"முப்பத்திரண்டு... முப்பத்தொண்ணரை... இறங்குதுடி! நீ போட்ட போர்வைக்கு அடியில மணல் இறங்குது!"

நிகோலாசா போர்வையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், வெறிச்சென்று கிடந்த நாற்பத்தெட்டுக் குழியையும் பார்த்தாள். அவள் ஏழு பெற்றவள், அவளுக்கு எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊர் பக்கம் திரும்பி, "ரோசெந்தா!" என்று ஒரு குரல் விட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஏழு பெண்களும் வந்துவிட்டார்கள். ரோசெந்தா கொடிக்கயிறு கொண்டு வந்தாள். உல்திமா வேலிக்குக் குறுக்கே மூங்கில் நட்டாள். அன்றிலிருந்து மத்தாரித்தா குடும்பத்தின் ஏழு வீட்டுச் சலவையும் பொரிப்பகத்தின் மேல்தான் காய்ந்தது. சோப்புப் போக மூன்று தரம் அலசாத துணிக்கு அனுமதி இல்லை என்று நிகோலாசா சட்டம் போட்டாள். காய்ந்த துணியை எடுப்பதற்கு முன் ஈரத்துணி வந்து நிற்க வேண்டும், நிழல் ஒரு நிமிஷம் கூட விலகக் கூடாது.

ஏழு வீட்டுத் துணி பாதிச் சதுரத்தைத்தான் மூடியது. மற்ற பாதிக்கு ஊர் வந்தது. முதலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கு ஒன்று புரிந்தது: யார் வீட்டுப் போர்வையில் எத்தனை ஒட்டு, யார் புருஷனுக்குப் புதுச் சட்டை, யார் வீட்டு மேசைவிரிப்பு முன்பு யார் வீட்டில் இருந்தது என்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரிகிற சௌகரியம் குவாசிமோவில் இதற்கு முன் இருந்ததில்லை. மறுவாரமே கொடியில் இடத்துக்குச் சண்டை வந்தது. பாதிரியாரின் வெள்ளை அங்கி கூட வந்தது. அது தொங்கின குழியை ஆசீர்வதிக்கப்பட்ட குழி என்றார்கள்.

தொரிபியோவின் மனைவி செபா, கணவரின் கால்சட்டைகளைக் கொண்டு வந்து மாட்டினாள். தொரிபியோ பெரிய உடம்பு. ஒரு கால்சட்டைக்கு இரண்டு குழி நிழல் தாராளமாகக் கிடைத்தது. சேதி கேட்டு அவர் ஓடி வந்தார்.

"எறக்குடி அதை! என் கால்சட்டையை எதுக்கு ஊரே பாக்கணும்?"

"இருக்கட்டும் மச்சான்" என்றார் எவெலியோ. முகத்தில் ஒரு சுருக்கம் கூட அசையவில்லை. "அஞ்சு பையன் பெத்த துணியாச்சே. அதுக்குக் கீழ இருக்கற முட்டைக்கு வேற யோசனையே வராது."

பெண்கள் சிரித்த சிரிப்பில் நாரைகள் கிளம்பின. தொரிபியோ மந்தமான காதைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனால் கால்சட்டையை இறக்கச் சொல்லவில்லை. ராசி என்று நாலு பேர் ஒத்துக்கொண்ட பிறகு யார்தான் இறக்குவார்கள்?

எவெலியோ தினமும் காலையும் மாலையும் குதிகாலை வைத்துப் பார்த்தார். முப்பது. இருபத்தொன்பதரை. மறுபடி முப்பது. வெப்பமானி தலையாட்டியது. மனசு நிறைந்து போயிற்று. காபிக்கு இனிப்பே வேண்டாம் என்றார்.

முட்டை வைத்து நாற்பத்தைந்தாம் நாள் வந்தது.

பன்னிரண்டு வருஷமாக நாற்பத்தைந்தாம் நாள் என்றால் குஞ்சு வெளியே வந்துவிடும். வெயில் கடுமையான வருஷங்களில் நாற்பத்துமூன்றிலேயே வந்ததுண்டு. ஊர் முழுக்க வந்து வேலியைச் சுற்றி நின்றது. ஒன்றும் வரவில்லை. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. சனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். நாற்பத்தொன்பதாம் நாள் எவெலியோ காபிக்கு மறுபடி இனிப்புக் கேட்டார். ஐம்பதாம் நாள் காபியே வேண்டாம் என்றார்.

"மச்சான்" என்றார் தொரிபியோ, வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு. "நீ முட்டையை அடை வைக்கல. ஐஸ் பெட்டியில வச்சிருக்க."

எவெலியோவின் குதிகால் பேசவில்லை. மணலில் வைத்தால் குளிர்ச்சி தெரிந்தது, அதற்குக் கீழே என்ன என்று தெரியவில்லை. ஐயாயிரம் முட்டை. நானே கொன்றுவிட்டேனா? துணிபோட்டுக் கொன்ற காவல்காரன் என்று பேர் வருமா? யாதிராவைக் கூப்பிடலாம் என்றால், ஊரில் போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, குன்றின் மேலிருக்கிற குவானகாஸ்தே மரத்தின் மூன்றாவது கிளை. உல்திமா ஏறி உட்கார்ந்து இரண்டு நாள் கூப்பிட்டாள். மறுகரையில் மழை கொட்டி எல்லாம் அறுந்து கிடந்தது, மணி கூட அடிக்கவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் ஊர்ச் சங்கம் வேலியோரமே கூடியது. தொரிபியோதான் பேசினார். இந்த முறை அவர் கிண்டல் செய்யவில்லை, அதுதான் எவெலியோவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஒரே ஒரு குழியைத் தோண்டிப் பாப்போம் மச்சான். கெட்டுப் போயிருந்தா போச்சு, விட்டுருவோம். நல்லா இருந்தா துணியையெல்லாம் எடுத்துட்டுக் கொஞ்சம் வெயில் காட்டுவோம். தெரியாம இருக்கறதுக்கு இது மேல் இல்லியா?"

நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். எவெலியோவே முக்கால்வாசி தலையை ஆட்டிவிட்டார். குனிந்து, பாதிரியார் அங்கிக்குக் கீழே இருந்த குழியின் ஓரத்தில் கை வைத்தார். டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது, ஆனால் டாக்டரம்மா நாற்பத்தைந்து நாளைப் பற்றியும் ஐம்பத்திரண்டு நாளைப் பற்றியும் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லையே.

"கையை எடுங்க."

நிகோலாசா கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏண்ணே, நீ எத்தனை பிள்ளை பெத்த?" என்று தொரிபியோவைக் கேட்டாள்.

"அஞ்சு."

"நீ பெத்தியா, அண்ணி பெத்தாங்களா?"

தொரிபியோ கொஞ்சம் யோசித்து, "செபாதான்" என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப இந்தச் சங்கத்துல பெத்தவ நான் ஒருத்திதான் பேசுறேன். ரோசெந்தா நாள் தள்ளிப் பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் பொறந்தா. மருத்துவச்சி வந்து பாத்துட்டு, 'வரும்போது வரும்'னு சோள ரொட்டியைத் தின்னுட்டுப் போனா. என்னை ஒருத்தரும் தோண்டிப் பாக்கல. இந்த மனுஷன் வாசல்ல நின்னுக்கிட்டு அழுதாரு, ஆனா தோண்டல." புருஷனின் பக்கம் திரும்பினாள். "இப்பவும் அதையே பண்ணுங்க. அழணும்னா அழுங்க, கையை எடுங்க."

எவெலியோ கையை எடுத்தார். சங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கலைந்தது. செபா மட்டும் போகும்போது கொடியில் கால்சட்டையைச் சரியாக இழுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் எவெலியோ வேலியோரத்தை விட்டு நகரவில்லை. பெண்கள் முறைபோட்டுச் சோறு கொண்டு வந்தார்கள். துணி காய்ந்தது, ஈரத்துணி வந்தது. ஐம்பத்தாறாம் நாள் சாயங்காலம், கடன் வாங்கினவன் வழிதவறி வந்த மாதிரி ஒரு மழை வந்து அரைமணி நேரம் பெய்துவிட்டுப் போனது.

ஐம்பத்தேழாம் நாள் விடிகிற நேரம். நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த எவெலியோவின் குதிகால் முதலில் விழித்தது. யாரோ இறகால் வருடுகிற மாதிரி. குறுகுறுப்பு கணுக்காலுக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி, சிரிப்பாக வாய்க்கு வந்துவிட்டது. தான் சிரிக்கிற சத்தத்தில் தானே முழித்துக்கொண்டார். எதிரே, தொரிபியோவின் கால்சட்டைக்குக் கீழே மணல் ஒரு தட்டு அளவுக்கு உள்வாங்கி அமிழ்ந்திருந்தது. அதன் நடுவில் கறுப்பாய் ஒரு மூக்கு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ணுவதற்கு நேரம் கொடுக்கவில்லை. பால் பொங்குகிற மாதிரி மணல் குஞ்சாய்ப் பொங்கிற்று.

"நிகோலாசா!" என்று அவர் கத்தியது வடக்கே இரண்டு கடற்கரை தாண்டிக் கேட்டதாம். அங்கே நிகோலாசா என்று பேருள்ள மூன்று பேர் எழுந்து உட்கார்ந்தார்களாம்.

ஊர் கூடியது. வேலியைத் திறந்துவிட்டார்கள். குட்டித் துடுப்புகளை அடித்துக்கொண்டு குஞ்சுகள் ஈரமணலில் கோடு கோடாய்க் கிழித்துக் கடலுக்குப் போயின. பருந்து வராமல் பெண்கள் ஈரப் போர்வைகளைத் தலைக்கு மேல் வீசிக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றார்கள். எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி.

"ஆணா, பெண்ணா?"

தொரிபியோ அதிகாரத்தோடு ஒரு குஞ்சைத் தூக்கி, புரட்டி, அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். குஞ்சு அவர் மூக்கில் துடுப்பால் ஒன்று வைத்தது.

"ஆண்" என்றார் தொரிபியோ.

"எப்படித் தெரியும்?"

"கை நீளுது."

"அப்ப பெண்ணுதான் மாமா, சந்தேகமே இல்ல" என்றாள் ரோசெந்தா.

இரண்டு நாள் கழித்து, முழங்கால் வரை சேற்றோடு யாதிரா வந்து இறங்கினாள். கொடியில் தொங்குகிற ஊரைப் பார்த்துக்கொண்டே வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எவெலியோ குற்றவாளி மாதிரி முன்னால் வந்தார்.

"வலை வரல டாக்டரம்மா. அதான்... பொரிச்சுது, ஆனா ரொம்பத் தாமதம். ஐம்பத்தேழு நாள் ஆயிருச்சு. ஏதாவது கெடுத்துட்டேனா?"

"எத்தனை நாள்?"

"ஐம்பத்தேழு."

யாதிரா பையைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பட்டணத்துப் பெண், சேறு வேறு, எவெலியோவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சூடா இருந்தா சீக்கிரம் வரும், குளிர்ச்சியா இருந்தா நின்னு நிதானமா வரும்! உங்களுக்கு இதைச் சொல்லாமப் போனது என் தப்பு. இத்தனை நாள் ஆச்சுன்னா, உள்ள ஆண் இருக்கு மாமா! நிச்சயம் இருக்கு!"

"அதை முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றாள் நிகோலாசா, துணியைப் பிழிந்துகொண்டே. "ஆம்பளைங்க எங்க நேரத்துக்கு வந்திருக்காங்க?"

உறுதியாகச் சொல்வதற்கு, குழிக்குள்ளேயே செத்துப்போன குஞ்சுகளை யாதிரா புட்டியில் போட்டுக் கொண்டு போனாள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். தொரிபியோவின் முறை செல்லாது என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வைத்து ரோசெந்தா படித்தாள். பார்த்தது முப்பத்தொன்று. ஆண் பத்தொன்பது, பெண் பன்னிரண்டு. இதற்கு மேல் நல்ல கலவை யாரும் கேட்க முடியாது. பொரிப்பகம் குவாசிமோவிலேயே இருக்கும்.

எவெலியோ எழுந்து வீட்டுக்குப் போனார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்தார்.

"அது முப்பது வருஷத்துச் சரக்குப்பா" என்றாள் உல்திமா.

"ஏழு பேரும் காத்துக்கிட்டு இருந்தாங்கம்மா. இனிமே வைக்கக் கூடாது."

நட்ட நடுப்பகலில், ஆமைகளுக்குத் தொந்தரவு இல்லாமல், கடற்கரையைத் தள்ளி ஊர்ச் சதுக்கத்தில் ஏழையும் வரிசையாக நட்டார்கள். முதல் ஆறும் தும்மிவிட்டுப் படுத்துவிட்டன. ஏழாவது, உல்திமாவின் வாணம், தும்மவில்லை. அது மேலேயும் போகவில்லை. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, கோயில் மணியை ஒரு அடி அடித்து, தனக்கு எங்கே வேலை என்று யோசித்துப் பார்த்துவிட்டு, நேராகப் போய்த் தொரிபியோவின் பனையோலைக் கூரையில் உட்கார்ந்தது.

மந்தமான காதுக்குப் பக்கம் வெடித்ததால் தொரிபியோ அதை வாழ்த்து என்றே நினைத்துக் கையசைத்தார். பிறகு புகையைப் பார்த்தார். நல்ல வேளை, அன்றைக்குச் சலவை நாள். பெண்கள் பொரிப்பகத்துக் கொடியிலிருந்து அத்தனை ஈரத்துணியையும் உருவிக்கொண்டு ஓடி வந்து, வீட்டையே போர்வையால் சுற்றி அணைத்தார்கள். வீடு பிழைத்தது, மாமரம் பிழைத்தது, யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. கூரை மட்டும் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரே சேர்ந்து புதுக்கூரை போட்டது. ஓலை கிடைக்காத வருஷம். தகரம்தான் போட்டார்கள். எவெலியோதான் ஆணி அடித்தார்.

"மச்சான், இதுல ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கீழே நின்ற தொரிபியோ மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் சத்தம் கூடும்" என்றார் எவெலியோ மேலிருந்து.

பதினோரு மாதம் கழித்து நிழல் வலை வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு, இதில் யார் வீட்டுச் சேதியும் இல்லையே என்று பெண்கள் ஒதுக்கிவிட்டார்கள். இப்போது அதைக் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள்.

அதே வாரம் தொரிபியோவின் கடைசி மருமகளுக்கு, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, வலி எடுத்தது. ஊர் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் காத்திருந்தது. முதல் வாணம் போயிற்று. எல்லோரும் அண்ணாந்து இரண்டாவதற்குக் காத்தார்கள். இரண்டாவதும் போயிற்று.

பொரிப்பகத்தில் உட்கார்ந்திருந்த எவெலியோ எழுந்து, வெறுங்காலோடு மச்சான் வீட்டுக்கு நடந்தார். வாசலில் தொரிபியோ கையில் ஒரு துணிப்பொட்டலத்தை வைத்துக்கொண்டு, அதன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருந்தார்.

"பையனா மச்சான்?"

"பொண்ணு."

"ரெண்டு சத்தம் கேட்டுச்சே?"

"ஒண்ணு எனக்குக் கேக்கல" என்றார் தொரிபியோ, மந்தமான காதைத் தொட்டுக் காட்டி. "அதான் இன்னொண்ணு விட்டேன்."